அத்தைக்கு டீதான் பிடிக்குமாம்

ஜூலை 17, வியாழன் – கோவில்பட்டி, கழுகுமலை

குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கிறது என்று யாரோ போனில் சொன்னதிலிருந்து அத்தைக்கு அருவியில் குளிக்கும் ஆசை வந்துவிட்டது. அத்தை என்றால் என் மாமியார். குடும்பத்தோடு போவதாகத்தான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் கணவருக்கு ஆபீசில் ஆடிட் வந்து உட்கார்ந்துகொண்டது. கோயில், குளம் என்று சுற்றுகிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று மகளும் கழன்றுகொண்டாள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், நானும் அத்தையும் மட்டும் சேர்ந்து போன தூரம் அதிகபட்சம் தி.நகர் ஜவுளிக்கடைதான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்காது. கூட்டம் பிடிக்காது. ஈரத்துணியோடு ஐந்து நிமிஷம் நிற்பது அறவே பிடிக்காது. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற ஊருக்குப் பெயர்தான் குற்றாலம். அதனால் எனக்கென்று ஒரு நிபந்தனை வைத்தேன்: போகிற வழியில் கழுகுமலை பார்த்துவிட்டுப் போக வேண்டும். அத்தை ஒத்துக்கொண்டார்.

நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டிக்கு வந்தபோது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. "ஒரு காபி, ஒரு டீ" என்றேன். அத்தை என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி, "ரெண்டும் டீயே போடுங்க. ஒண்ணுல சக்கரை கம்மி, நல்லா ஸ்ட்ராங்கா" என்றார்.

அத்தை கும்பகோணத்துக்காரர். சென்னையில் பாதி ஓட்டல்கள் அந்த ஊர்ப் பெயரைப் போர்டில் எழுதித்தான் காபி விற்கின்றன. எங்கள் வீட்டில் தினமும் விடிகாலையில் ஃபில்டரில் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, முதல் டிகாஷனை இறக்குவது அவர்தான். பித்தளை டபராவில் நுரை ததும்ப ஆற்றிக் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்குக் காபி பிடிக்காதா அத்தை?"

"பிடிக்காதுன்னு இல்ல. டீதான் பிடிக்கும். உன் மாமாவுக்குக் காபி, பிள்ளைக்கும் காபி. எனக்குன்னு தனியா ஒரு பாத்திரத்த வச்சா அத யாரு கழுவறது?"

நான் வீட்டில் தினமும் டீ போடுகிறவள்தானே, அதிலேயே ஒரு டம்ளர் சேர்த்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீ போடற டீ தண்ணியா இருக்கும்மா" என்றார் அத்தை, கொஞ்சமும் யோசிக்காமல்.

கிளாஸ் டீ 12 ரூபாய். அவர் இரண்டாவதும் வாங்கிக் குடித்தார்.

கோவில்பட்டியில் இறங்கிவிட்டுக் கடலைமிட்டாய் வாங்காமல் நகர முடியாது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஒரு கடையின் பின்கட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது; எட்டிப் பார்த்த எங்களை உள்ளேயே கூப்பிட்டுவிட்டார்கள். வறுத்துத் தோல் புடைத்த கடலை ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது. பெரிய வாணலியில் வெல்லப்பாகு கொதிக்கிறது. பாகு காய்ச்சுகிறவர் அவ்வப்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, கல்லில் தட்டிப் பார்க்கிறார். பதம் வந்துவிட்டதாக அவர் தலையாட்டியதும் மற்றவர்கள் பறக்கிறார்கள். கடலையைக் கொட்டி, கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்டியாக வேண்டும். மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவல் தூவினதும் உண்டு. "ருசி பாருங்க, பிடிச்சா வாங்குங்க" என்று ஆளுக்கொரு துண்டு கொடுத்த பிறகுதான் விலையைச் சொன்னார்கள்.

கடலைமிட்டாய் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. பல்லில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை போகாது. இது ஒட்டவில்லை, படக்கென்று உடைந்தது. பாகு பதம் தப்பினால்தான் ஒட்டுமாம். அப்படிப் பார்த்தால் இதுவரை நான் தின்றதெல்லாம் பதம் தப்பியதுதான்.

கழுகுமலைக்கு டவுன் பஸ். சுமார் 20 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரிசல். ஆடி பிறந்த அன்றே காற்று வேலையைத் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரலாக விழும் அதே மேல்காற்று, மலைக்கு இந்தப் பக்கம் இவ்வளவு தூரம் வருவதற்குள் ஈரமெல்லாம் போய் வெறும் புழுதியாக வருகிறது. ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் கண்ணில் மண். இந்தப் பயணத்தில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது இந்தக் காற்றுதான்.

வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்து, பாறைக்குள்ளேயே கோயிலைச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலும் இந்த முறைதான். விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. மேலே சிவனும் உமையும் அருகருகே உட்கார்ந்து ஏதோ சொந்த விஷயம் பேசிக்கொண்டிருக்கிற ஜாடையில் இருக்கிறார்கள். உச்சி வெயிலில் பாறை சுட்டது. நான் அரைமணி நேரம் நகரவில்லை. அத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு நிழல் தேடிப் போய்விட்டார்.

அதே மலையில் சமணர் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சின்னச் சின்னத் தீர்த்தங்கரர்கள்; அடியில் வட்டெழுத்தில், செய்வித்தவரின் பெயரும் ஊரும். பெண் துறவிகளான குரத்தியர் பெயர்களும் உண்டு என்று படித்ததை அத்தையிடம் சொன்னேன். "நம்ம ஊர் கோயில் ட்யூப்லைட்ல உபயம்னு எழுதறாப்பல" என்றார். அவர் சொன்னதற்குப் பிறகு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இந்த உபயம் வெளிச்சத்தை மறைக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி – திருநெல்வேலி

ஜங்ஷன் பக்கத்தில் எடுத்த லாட்ஜில் வெந்நீர் 24 மணி நேரமும் வரும் என்று எழுதியிருந்தது. வந்தது வெறும் சத்தம். ரிசப்ஷனில் சொன்னேன். "ஹீட்டர் இருக்கு மேடம், கரண்டுதான் அதுக்குப் போகல" என்று ஒரு பையன் நிதானமாக விளக்கினான். அரைமணி கழித்து அவனே இரண்டு வாளி வெந்நீரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். இருபது ரூபாய் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான். அத்தை கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டான்.

நெல்லையப்பர் கோயிலுக்குள் எனக்குப் பிடித்தது வெளிச்சம் குறைந்த அந்த நீளப் பிராகாரங்கள். நடக்க நடக்க முடியாது. இசைத்தூண்கள் முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். ஒரே கல்லில் சின்னச் சின்னத் தூண்களாகப் பிரித்துச் செதுக்கியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். எல்லோருக்கும் தட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கிறது. ஒரு அப்பா தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தட்டச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு அதட்டல் வந்தது. யாரோ சொல்லித் தந்ததை நம்பிக் காதைத் தூணில் வைத்துப் பார்த்த அத்தை, "ஜில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்.

பூக்கார அம்மா ஒருவர், காந்திமதி யானை போனதிலிருந்து கோயிலுக்குள் நுழையவே ஒரு மாதிரி இருக்கிறது என்றார். காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தது. "தெனமும் இந்த வழியாத்தான் போவா. என்னையப் பாத்தா நிப்பா" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே இரண்டு முழத்தை மூன்று முழமாக அளந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானம் சைவம். சொதி கிடைக்கும் மெஸ் ஒன்றைத் தேடிப் போனோம். சொதி இந்த ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கடைசியில் எலுமிச்சை. தேங்காய்ப்பாலின் கனத்தைக் கரைக்கத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பரிமாறியவர் எங்கள் இலைக்கு எதிரிலேயே நின்றுவிட்டார். "வெக்கப்படாம சாப்டுங்க, இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று அவர் கேட்கும்போதே கரண்டி சாய்ந்துவிடுகிறது.

உள்ளதைச் சொல்கிறேன்: சொதி எனக்குப் பிடிக்கவில்லை. தித்திப்புக்கும் உப்புக்கும் நடுவில் நிற்கிற எந்தக் குழம்பும் எனக்கு ஒத்துவராது. நெல்லைக்காரர்கள் மன்னிக்கட்டும். ஆனால் அந்த இஞ்சிப் பச்சடிக்காக இன்னொரு தடவை ரயிலேறலாம். புளி, வெல்லம், காரம், எல்லாவற்றுக்கும் மேலே இஞ்சியின் எரிப்பு. நான் பச்சடியை மட்டும் மூன்று முறை கேட்டதைப் பார்த்து அத்தை தன் பங்கையும் என் இலைக்குத் தள்ளினார். எனக்கு இஞ்சி பிடிக்கும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவரோ சொதியை ரசித்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் தேங்காய்ப்பால் சேர்த்து எதையும் செய்யாதவர். ஏன் என்று கேட்டால், "நீதான் முகத்தச் சுளிப்பியே" என்கிறார்.

சாயங்காலம் அல்வா. இருட்டுக்கடையை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாமல், ஒரு பல்பு வெளிச்சத்தில், சாயங்காலம் மட்டும் நடக்கும் வியாபாரம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆச்சிக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

"எங்கேருந்து வாறிய?"

"சென்னை."

"ரெண்டு பேரும் மட்டுமா? மகளா, மருமவளா?"

முன்பின் தெரியாதவர்கள் இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்காத விஷயங்களில் முதல் ஐந்துக்குள் வரும். பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அத்தை, "மருமக. ஆனா என்னைய விட அதிகாரம் ஜாஸ்தி" என்றார். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நல்லதுதான்" என்று தீர்ப்பு சொன்னார். அப்புறம் வரிசை நகர்ந்து முடியும்வரை அவர்கள் இருவரும் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள். ஆச்சி ஏதோ ஒரு தைலத்தின் பெயரைச் சொல்ல, அதை என் போனில் குறித்துவைக்கச் சொல்லி அத்தை உத்தரவு.

சுடச்சுட இலைத்துண்டில் வைத்துத் தருகிற அல்வாவை நின்றபடியே தின்ன வேண்டும். கோதுமைப்பால், சர்க்கரை, நெய். வேறு எதுவும் இல்லாத பண்டம் இப்படி வழுக்குவது எப்படி என்று தெரியவில்லை. தாமிரபரணித் தண்ணீர் என்று ஊரே ஒரே குரலில் சொல்கிறது. எனக்குப் பாதிக்கு மேல் திகட்டியது. இந்த ஊர்க்காரர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: மேலே ஒரு பிடி காரா மிக்சர். அடுத்த கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு மீதி அல்வாவையும் முடித்தேன். கையில் நெய் வாசனை சோப்புப் போட்டும் போகவில்லை. போகாவிட்டால் பரவாயில்லை என்ற வகை வாசனை.

ஜூலை 19, சனி – தென்காசி, குற்றாலம்

செங்கோட்டை பாசஞ்சர். ஒரு டீயும் வடையும் வாங்கும் காசில் டிக்கெட். எனக்கு ரயிலில் பிடித்ததே ஜன்னலோரம்தான். நான் பையை மேலே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அத்தை அங்கே உட்கார்ந்திருந்தார். "எப்பவும் பிள்ளைகளுக்கு விட்டுக் குடுத்தே பழகிப் போச்சு. இன்னிக்கு நான் உக்காந்துக்கறேன்" என்றார். எழுப்பவா முடியும்?

இந்த வழித்தடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சேரன்மகாதேவி தாண்டியதும் நிலம் பச்சையாகிறது. கார் நடவு முடிந்த வயல்கள், வாய்க்கால், வாழை, அதற்கப்பால் தலையில் மேகம் சுற்றிய பொதிகை மலை. கோவில்பட்டியில் கண்ணில் மண்ணைப் போட்ட பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் இது இருப்பதை நம்ப முடியவில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் அப்பளக்கட்டோடு ஏறினார். வாங்கினோம். ஆறு குறுக்கே வந்தது. பாலத்தில் சிலர் சில்லறை எறிந்து கும்பிட்டார்கள். அம்பாசமுத்திரம் தாண்டிய பிறகு சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வரத் தொடங்கியது. எங்கள் ஊராக இருந்தால் பத்துக் கைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். இங்கே ஒருவரும் அசையவில்லை. எதிர்சீட்டுக் கிழவர் பேப்பரை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அத்தையின் முன்தலை முடி முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினார். இப்போதுள்ள ராஜகோபுரம் 1990-ல் முடிந்தது. இடையில் நெடுங்காலம் மொட்டையாகக் கிடந்தது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று அந்த ராஜா கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறார். அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், யார் யாருக்கோ போன் போட்டுச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது வாசல் காற்று. கோபுரத்துக்குள் நுழையும்போது எதிரே வந்து முகத்தில் அறைந்து ஆளை நிறுத்துகிறது. பாதி தாண்டினால் பின்னாலிருந்து முதுகைத் தள்ளுகிறது. புடவைத் தலைப்பு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். உள்ளே போனவர்கள் இதற்காகவே திரும்பி வந்து வந்து நுழைகிறார்கள். நானும் நுழைந்தேன். செலவில்லாத சந்தோஷம். இதற்கு ஒரு டிக்கெட் போடலாம் என்று யாருக்கும் தோன்றாமல் இருக்க வேண்டும்.

குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். பேரருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது அருவி தெரிவதற்கு முன்னால் போலீஸ் விசில் கேட்டது. மலையில் ராத்திரியெல்லாம் மழை. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை. சோறு பொங்குகிற நிறத்தில் நுரையும் செம்மண்ணும் கலந்து இறங்குகிறது. நூற்றுக்கணக்கான பேர் துண்டும் மாற்றுத்துணியுமாக, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, குளிக்க முடியாத அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவிக்கு ஆட்டோவில் போனோம், 150 ரூபாய். அங்கேயும் தடை.

உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அத்தை எதுவும் பேசாமல் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு காலைல விட்ருவாவ, கவலப்படாதிய" என்ற ஆட்டோக்காரர், போன் நம்பர் வாங்கிக்கொண்டார். தடை நீங்கினால் கூப்பிடுகிறாராம்.

ஆறுதலுக்குப் பழம் வாங்கினேன். சீசனில் இங்கே மங்குஸ்தானும் ரம்புட்டானும் தெருவெல்லாம் குவிந்திருக்கும். மங்குஸ்தான் கிலோ 350 சொன்னார்கள், 300-க்குத் தந்தார்கள். ரம்புட்டான் பையை நான் தோளில் மாட்டுவதற்குள் ஒரு குரங்கு வந்து வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கவில்லை. கையை நீட்டியது, பயத்தில் கை தானாகக் கொடுத்துவிட்டது. கம்பி மேல் உட்கார்ந்து நிதானமாகத் தோலுரித்துத் தின்றது. அத்தை அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

ஜூலை 20, ஞாயிறு – குற்றாலம், செங்கோட்டை

விடிவதற்கு முன்னால் போன் அடித்தது. "அக்கா, விட்டாச்சு. அஞ்சு நிமிசத்துல வாசல்ல நிக்கேன்." இப்படி ஒரு ஆட்டோக்காரரை நான் சென்னையில் பார்த்ததில்லை.

பேரருவியில் பெண்களுக்குத் தனிப்பகுதி. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை, நல்ல காரியம். அந்நேரத்துக்கே கூட்டம். யாரும் வரிசை வைக்கவில்லை, ஆனாலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உள்ளே நிற்பவர் நகரும்போது அடுத்தவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறார். முன்பின் தெரியாத பெண். அத்தையின் கையை ஒரு கல்லூரிப் பெண்ணும், என் கையை ஒரு பாட்டியும் பிடித்து இழுத்தார்கள்.

முதல் அடி தலையில் விழுந்ததும் காது அடைத்துவிட்டது. குளிர் என்று நான் பயந்துகொண்டிருந்ததை உணரவே நேரமில்லை. உச்சியிலும் பிடரியிலும் தோளிலும் யாரோ ஓயாமல் குத்துகிறார்கள். மூச்சு விட முகத்தைக் குனிய வேண்டும். எல்லோரும் கத்துகிறார்கள், யார் கத்துவதும் கேட்கவில்லை. நானும் கத்தியிருக்கிறேன், தொண்டை கட்டியிருப்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். பிடித்ததா என்று கேட்டால், அருவிக்குள் இருந்த அந்த நேரம் ரொம்பப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எதுவும் பிடிக்கவில்லை. உடை மாற்றும் அறையின் தரையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அத்தை வெளியே வருவதாக இல்லை. நான் துணி மாற்றி, தலை துவட்டி, சுக்குமல்லி காபி குடித்து முடித்தேன். பாறையோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். விசில் ஊதிய பெண் போலீஸ், "அம்மா, வயசானவங்க போதும், வாங்க" என்று கூப்பிட்டார். அவரிடம் அத்தை ஏதோ சொன்னார். போலீஸ் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு நிமிஷம் விட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அடுத்த தடவ எப்ப வருவேனோன்னு சொன்னேன். எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்கபோல, சிரிச்சிட்டா."

திரும்பி வந்தால் அத்தையின் செருப்பைக் காணோம். நல்ல செருப்பு, மூட்டுவலிக்கென்று பார்த்துப் பார்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கியது. அதே இடத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பு கிடந்தது. அத்தை அதைத் தொடவில்லை. லாட்ஜில் குளியலறைக்கென்று வைத்திருக்கும் நீலச் செருப்பைக் கேட்டு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே மீதி ஊரைச் சுற்றினார்.

குற்றாலத்தில் குளித்தால் பசிக்கும் என்பது வெறும் பேச்சில்லை. இட்லி, வடை, பொங்கல், மறுபடி இட்லி. அதெல்லாம் பதினொரு மணிக்குக் காணாமல் போய்விட்டது. செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடப் போனோம். கேரள எல்லைக்கு லாரிகள் போகிற சாலை. இரண்டு பக்கமும் பரோட்டாக் கடைகள். பரோட்டா உள்ளங்கை அகலம்தான், அடுக்கடுக்காகப் பிரிகிறது. வாழையிலையில் பிய்த்துப் போட்டுக் கோழிச் சால்னாவை மேலே ஊற்றிவிடுகிறார்கள். கூட மிளகு தூக்கலாகப் பொரித்த காடை.

அத்தை காடை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தாலும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார், கறி மற்றவர்களுக்கு. இங்கே எலும்பைக் கையிலெடுத்துச் சுத்தமாக முடித்தார். "பிடிச்சிருக்கா?" என்றேன். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். இரண்டாவது காடைக்கும் உப்பு கம்மிதான். பில் இரண்டு பேருக்கும் சேர்த்து 520 ரூபாய். பில்லைப் பார்த்து, நான் ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

மத்தியானம் முழுக்கத் தூக்கம். ஓட்டுக் கூரையில் சாரல் விழும் சத்தம், ஈர மண் வாசனை, காயாத துண்டு. செங்கோட்டையில் வாஞ்சிநாதன் நினைவு மண்டபமும் குற்றாலத்தில் சித்திர சபையும் பார்க்கும் திட்டம் இருந்தது. பார்க்கவில்லை. வருத்தமும் இல்லை.

ஜூலை 21, திங்கள் – ஸ்ரீவில்லிபுத்தூர்

பஸ்ஸில் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம் வழியாக வந்தோம். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு நினைவிருப்பதெல்லாம் பஸ்ஸின் ஸ்பீக்கர்தான். காலை எட்டு மணிக்கு அவ்வளவு சத்தத்தில் குத்துப்பாட்டு யாருக்குத் தேவை? குறைக்கச் சொல்லிக் கேட்டேன். நடத்துநர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு பாட்டுக்குக் குறைந்தது, அடுத்த பாட்டுக்குத் தானாக ஏறிக்கொண்டது. அத்தை நன்றாகத் தூங்கினார்.

ஊர் ஆடிப்பூரத் தேருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ரதவீதியில் கடைகள் போட இடம் பிடிக்கும் சண்டை ஒரு பக்கம், தேருக்குக் கம்பு கட்டும் வேலை ஒரு பக்கம். ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம் பூ. ராத்திரி தாண்டினால் வாடிவிடும், மறுநாள் வேறு கிளி. கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த சில நொடிகளில் நான் கிளியை மட்டும்தான் பார்த்தேன். அத்தை ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைப் பார்த்துவிட்டு வந்து, அதை எப்படிப் போடுவது என்று என் தலையில் செய்துகாட்டினார், கோயில் வாசலிலேயே, நாலு பேர் பார்க்க.

பால்கோவா. 2019-ல் இதற்கும் புவிசார் குறியீடு. பாலும் சர்க்கரையும் மட்டும். மணிக்கணக்காகக் கிண்டுவதுதான் வேலை. சந்நிதித் தெருவில் கடைக்குக் கடை ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். ஒரு கடையில் வாயில் மணல் மாதிரி சர்க்கரை நெருடியது. அடுத்ததில் லேசாக அடிப்பிடித்த வாசனை. எனக்கு அந்த அடிப்பிடித்ததுதான் பிடித்தது. அத்தைக்கு எதுவும் திருப்தியில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா தித்திப்பு ஜாஸ்தி" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு ஒன்றரை கிலோ வாங்கினார். பிள்ளைக்குக் கால், பேத்திக்குக் கால், மாடிவீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, வேலைக்கு வருகிற அம்மாவுக்கு, மீதி நாத்தனாருக்கு. தனக்கு எவ்வளவு என்று கேட்டேன். தனக்குப் பால்கோவாவே அவ்வளவாகப் பிடிக்காதாம். வரும் வழியில் சேவுக்கடை ஒன்று பார்த்தாராம், காரச்சேவு கால் கிலோ வாங்கலாமா என்றார். வாங்கினோம். மிளகு போட்டது, பூண்டு போட்டது, இரண்டும்.

சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன்னால், அந்த நீலச் செருப்பை லாட்ஜில் திருப்பித் தராமல் வந்துவிட்டோமே என்று அத்தை பிளாட்பாரத்தில் கவலைப்பட ஆரம்பித்தார். போன் செய்து சொல்லச் சொன்னார். செய்தேன். "வச்சுக்கிடுங்க அக்கா, அம்மா சௌரியமா போகட்டும்" என்றார்கள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: துண்டு இரண்டாக எடுத்துப் போங்கள், ஆடியில் ஒன்றும் காயாது. பழப்பையைத் தோளில் மாட்டாமல் பைக்குள் வைத்து ஜிப்பைப் போடுங்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போகாதீர்கள். அருவிக்கு ரப்பர் செருப்பே போதும்.